ஒரு வேலை, இரண்டு எஸ். கோமதி

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "எஸ். கோமதிங்களா? சங்கரன்கோவில்தானே?" என்று ஒரு பெண் கேட்டார். காற்றாலைக் கண்காணிப்பு மையத்தின் வேலைக்கு நான் தேர்வாகிவிட்டதாகச் சொன்னார். விவரம் மெயிலில் வரும் என்றார்.

2. அம்மா சாமி படத்துக்கு முன்னால் இருந்த, கோவிலில் பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண்ணை எடுத்து என் நெற்றியில் பூசினாள். ஒரு துளி வாயிலும் போட்டாள்.

3. பூ மார்க்கெட்டில் எடை போடும் என் அப்பா, செய்தி கேட்டதும் போனைப் பக்கத்தில் நின்ற யாரிடமோ கொடுத்தார். "சந்தோசம் மக்கா" என்று ஒரு கரகரத்த குரல் சொன்னது. அது யார் என்று இன்றுவரை தெரியாது.

4. மத்தியானம் வரை மெயில் வரவில்லை. ஸ்பேமிலும் தேடினேன்.

5. சாயங்காலம், என்னோடு வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் படித்த இன்னொரு கோமதி கூப்பிட்டாள். "ஏட்டி, எனக்கு வேல கெடச்சிட்டு! மெயில் வந்திருக்கு!" என்று கத்தினாள்.

6. எந்த வேலை என்று கேட்டேன். அதே வேலைதான்.

7. அங்கே காலியாக இருந்தது ஒரே ஒரு இடம்.

எனக்கும் போன் வந்ததையும், இடம் ஒன்றுதான் என்பதையும் அவளிடம் சொன்னேன். அவள் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஏட்டி, இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்."

"அப்போ யாருக்குட்டி வேல?"



ஐந்து பேர் திரும்புவார்கள்

வெளியூர்க்காரர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று தோன்றலாம். எங்கள் ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

கோவிலில் இருப்பவர்கள் சங்கரலிங்கமும் சங்கரநாராயணரும் கோமதியம்மனும். ஆகவே ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் சங்கரன், பெண்பிள்ளை பிறந்தால் கோமதி என்று வைக்க யாரும் அதிகம் யோசிப்பதில்லை. சங்கரனுக்குப் பிறந்த கோமதி எல்லாம் எஸ். கோமதி. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் "ஏ கோமதி!" என்று கூப்பிட்டால் ஐந்து பேராவது திரும்புவார்கள். அதில் ஒருத்தி கையில் ஒரு குழந்தை இருக்கும். அந்தக் குழந்தையின் பெயரும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

பள்ளியில் என்னைக் 'கண்ணாடி கோமதி' என்றார்கள். கல்லூரி வெளியூரில் என்பதால் அங்கே நான் ஒரே கோமதி. அந்த நான்கு வருடம் பெயர் சொன்னால் நான் மட்டும் எழுந்து நிற்பேன். அதன் அருமை அப்போது தெரியவில்லை.

பயிற்சி வகுப்புக்கு வந்ததும் மறுபடியும் பழைய கதை. ஒரு கோமதிக்கு பி.எட். முடிந்திருந்தது. ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருத்தி இரண்டாம் வாரமே நின்றுவிட்டாள். மிச்சம் நாங்கள் இருவர். நான் டவுன் கோமதி. அவள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், அதனால் கரிவலம் கோமதி. நான் எலக்ட்ரானிக்ஸ், அவள் எலக்ட்ரிக்கல். இரண்டு பேரும் பி.இ. இரண்டு பேருடைய அப்பாவும் சங்கரன்.

மாடியில் நடந்த வகுப்பு

வகுப்பு கழுகுமலை ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் நடந்தது. படி ஏறும்போதே யூரியா நெடி மூக்கில் ஏறும். முதல் சில நாள் தலைவலித்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா என் துப்பட்டாவை மோந்து பார்த்து, "படிக்கப் போறியா, வயக்காட்டுக்குப் போறியா?" என்பாள்.

நடத்தியவர் ஜெபா மேடம். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் வருவார். கையில் ஒரு கூடை. அதில் லேப்டாப்பும் வீட்டுக்கு வாங்கிய காய்கறியும் ஒன்றாகக் கிடக்கும்.

முதல் நாள் ஒவ்வொருவராக எழுப்பி, "இப்ப என்ன செய்யுதிய?" என்று கேட்டார்.

"சும்மா இருக்கேன் மேடம்."

"சும்மாதான் மேடம்."

"படிச்சிட்டு சும்மா வீட்ல இருக்கேன் மேடம்."

வரிசையாக எல்லோரும் அதையே சொன்னோம். மேடம் பலகையில் 'சும்மா' என்று பெரிதாக எழுதி அடித்தார். "இந்த வார்த்தைய இங்கன யாரும் சொல்லக் கூடாது. யாராலயும் சும்மா இருக்க முடியாது. நேத்து காலைலருந்து ராத்திரி வரைக்கும் என்ன செஞ்சன்னு சொல்லு, கேப்போம்."

என் முறை வந்தபோது வரிசையாகச் சொன்னேன். தண்ணீர் பிடித்தேன், அப்பாவின் மார்க்கெட் பில்களை எக்ஸெலில் ஏற்றினேன், பக்கத்து வீட்டு மிக்சியைக் கழற்றி மாட்டினேன். சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு வருடம், சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் சும்மா இருக்கேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

கரிவலம் கோமதி எழுந்தாள். "சண்ட போட்டேன் மேடம்" என்றாள்.

"யாருகூட?"

"லைன்மேன்கூட. எங்க தெருவுல கரண்ட் போச்சு. போன் பண்ணுனா அவரு எடுக்கல. அவரு மச்சானுக்குப் பண்ணேன். அவன், டீக்கடைல இருப்பாருன்னான். டீக்கடைக்குப் பண்ணேன். கடைசில வந்தாரு. வந்து என்னையே ஏசுதாரு மேடம், ஏன் ஊரெல்லாம் போன் பண்ணுதன்னு."

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "இத அப்படியே இன்டர்வியூல சொல்லணும், பாத்துக்கோ" என்றார்.

இவ்வளவு தெளிவாகப் பார்க்கத் தெரிந்த மேடம்தான் அடுத்த வாரம் எங்கள் எல்லோருக்கும் ஒரே அச்சில் ரெஸ்யூமே செய்து கொடுத்தார். அதை என் மனதில் இன்னும் பொருத்த முடியவில்லை. ஒரே எழுத்து, ஒரே கட்டம், 'கடின உழைப்பாளி' என்ற ஒரே வரி. ஊர் என்ற இடத்தில் எல்லோருக்கும் சங்கரன்கோவில் போடச் சொன்னார். புளியங்குடிக்காரனுக்கும் மேலநீலிதநல்லூர்க்காரிக்கும் அதேதான். "மெட்ராஸ்காரனுக்கு ஒங்க ஊரெல்லாம் எங்க தெரியப் போவுது?" என்றார்.

மெயில் முகவரியும் அவரே ஆரம்பித்துக் கொடுத்தார். எனக்கு இனிஷியல் முன்னால். அவளுக்கு இனிஷியல் பின்னால். வேறு வித்தியாசம் இல்லை.

அறிமுகப் பேச்சும் அப்படித்தான். "ஆடித்தபசுக்குப் பெயர்பெற்ற சங்கரன்கோவிலிலிருந்து வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்க வேண்டும். நாங்கள் வரிசையாகச் சொல்லும்போது கீழே உரக்கடைக்காரர், "மேல என்னம்மா, பஜனையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

ஆனால் ஒன்று. அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் எனக்கு நடுக்கம் போனது. அதற்கு முன்னால் கேம்பஸ் இன்டர்வியூவில் என் பெயரைச் சொல்லவே திணறியவள் நான். இப்போது யார் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன். எல்லோரும் சொன்னதையேதான் சொல்வேன். ஆனாலும் சொல்வேன்.

பஸ்ஸில் கிடைத்த கேள்வி

காற்றாலைக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மேடம்தான் தகவல் சொன்னார். திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் காலையில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு மத்தியானம் நேர்காணல். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்தக் காற்றாலை ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று பார்த்து, அந்த இடத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லும் வேலை. பகல் வேலைக்கு ஓர் இடம்.

நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போனோம். பனவடலிசத்திரம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் காற்றாலைகள் வர ஆரம்பித்தன. ஒன்று சுற்றும், பக்கத்தில் ஒன்று சும்மா நிற்கும்.

"அந்தா, நிக்கி பாரு. இப்ப யாருக்காவது தெரியுமாட்டி அது நிக்குதுன்னு?" என்றாள்.

"தெரியும். சிக்னல் போகும்."

"போவும். அதப் பாத்து ஒருத்தி போன் பண்ணுவா. அவன் எடுக்கலேன்னா?"

அவளே மேலே பேசினாள்.

"இன்டர்வியூ கடைசில, ஒனக்கு எதாவது கேக்கணுமான்னு கேப்பாவள்லா? நான் இதத்தான் கேக்கப் போறேன். மேடம் சொல்லிக்குடுத்த முன்னேற்ற வாய்ப்பு, மண்ணாங்கட்டி எல்லாம் கேக்க மாட்டேன். காத்தாடி நின்னா யாருக்குச் சொல்லணும்? அவரு போன எடுக்கலேன்னா அடுத்து யாருக்கு?"

"நல்லாருக்குட்டி" என்றேன்.

"நீயும் கேளு. ஒரே ரூம்லயா கேக்கப் போறோம்?"

இது எங்கள் வகுப்பின் வழக்கம். ஒருத்தர் கையில் இருக்கும் நல்ல பதிலைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மேடம் அதைக் கட்டாயமாகவே வைத்திருந்தார். போட்டி என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியும். அது சென்னை, மதுரைப் பிள்ளைகளோடு என்று நினைத்திருந்தோம்.

எழுத்துத் தேர்வு முடிந்து, தேறியவர்களின் பெயரை ஒருவர் மைக்கில் வாசித்தார். "எஸ். கோமதி, சங்கரன்கோவில்" என்றதும் நாங்கள் இருவரும் எழுந்தோம். ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டோம். அந்தப் பெயரை ஒரு தடவைதான் வாசித்தார் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

வாசலில் நின்றவர் என்னை முதல் அறைக்கு அனுப்பினார். சற்று நேரம் கழித்து அவளை இரண்டாவது அறைக்கு அனுப்பினார்.

நான் பஜனையைச் சரியாகப் பாடினேன். கடைசியில், எதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். முன்னேற்ற வாய்ப்பைக் கேட்கத்தான் வாய் திறந்தேன். அவளுடைய கேள்விதான் வந்தது. எதிரே இருந்தவர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். நேர்காணல் முழுவதும் அவர் பேனாவைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். "நானும் கேட்டேன்லா" என்று சிரித்தாள். பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு ரோஸ்மில்க் குடித்துவிட்டு வந்தோம்.

"ரெண்டு பேரா?"

போன் எனக்கும் மெயில் அவளுக்கும் வந்த மறுநாள், இரண்டு பேரும் மேடத்தின் முன்னால் போய் நின்றோம். மேடம் கூடையைக் கீழே வைக்காமலேயே கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் பேசியவர் ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரி. சென்னைப் பேச்சு.

"எஸ். கோமதி, செலக்ட் ஆயிட்டாங்க மேடம். என்ன பிரச்சினை?"

"எந்த எஸ். கோமதி சார்?"

"புரியல மேடம்."

"எங்கிட்ட ரெண்டு இருக்கு."

கொஞ்ச நேரம் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, "ரெண்டு பேரா?" என்றார். "ஒரே பொண்ணு ரெண்டு ரூமுக்கும் போயிட்டாங்கன்னு நெனச்சோம் மேடம். ஒரே பேரு, ஒரே ஊரு, ரெஸ்யூமே ஒரே மாதிரி. ரெண்டு ரூம்லயும் அதே இன்ட்ரோ. கடைசில ரெண்டு ஷீட்லயும் அதே கேள்விய எழுதியிருக்காங்க. போன் எடுக்கலைன்னா என்னன்னு. அப்புறம் எப்படி ரெண்டு பேர்னு தோணும்?"

மேடம் கூடையைக் கீழே வைத்தார். ஒரு தக்காளி உருண்டு வெளியே வந்தது. யாரும் எடுக்கவில்லை.

அந்த அதிகாரி மேலும் விசாரித்துச் சொன்னதிலிருந்து நாங்கள் புரிந்துகொண்டது இது. எழுத்துத் தேர்வில் தேறிய எஸ். கோமதி நான். அவள் கொஞ்சத்தில் விட்டிருக்கிறாள். அவளை உள்ளே விட்டிருக்கவே கூடாது. நேர்காணலுக்கு இரண்டு அறையிலும் தனித்தனியே மதிப்பெண் போட்டிருந்ததால், ஒரே ஆள்தானே என்று அதிகமானதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதிகமானது இரண்டாவது அறையில் போட்டது. அவளுடையது. போன் நம்பரை என் ரெஸ்யூமேயிலிருந்தும் மெயில் முகவரியை அவள் ரெஸ்யூமேயிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த எஸ். கோமதி, என் பரீட்சையை எழுதி அவள் நேர்காணலை முடித்தவள். அப்படி ஒருத்தி எங்கள் ஊரில் இல்லை.

"அந்தக் கேள்வி யாரோடதுங்க?" என்று அவர் கேட்டார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"அவளோடது சார்" என்றேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்று அவள் என் கையைக் கிள்ளினாள். பிறகு போனை நோக்கிக் குனிந்து, "நான்தான் கேக்கச் சொன்னேன் சார். எங்க வகுப்புல அப்படித்தான்" என்றாள்.

"நல்ல வகுப்பு" என்றார். பாராட்டா, கேலியா என்று குரலில் தெரியவில்லை. மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் ஒங்களுக்கு நல்லதுதான செஞ்சேன்?" என்று கேட்டார். எங்களிடம் கேட்டாரா, தனக்குள் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் குனிந்து தக்காளியை எடுத்துக் கூடையில் போட்டேன்.

கட் ஆஃப்

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுத்துத் தேர்வில் கட் ஆஃப் தாண்டாதவரை எடுக்க விதியில் இடம் இல்லை. என் நேர்காணல் மதிப்பெண்ணோடு பார்த்தாலும் பட்டியலில் முதலில் வருவது நான்தான். ஆகவே வேலை எனக்கு.

அன்று சாயங்காலம் நான் கரிவலம் பஸ் ஏறினேன். அவள் ஊர் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன, எழவுக்கு வந்தவ மாதிரி வாரே?" என்றாள்.

"நான் போகல. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுதேன்."

"குடுத்தா?"

"ஒனக்குக் குடுப்பாங்கள்லா?"

"எனக்கு எப்படிட்டி குடுப்பாவ? நான்தான் பாஸே ஆகலியே. ஒனக்கு அடுத்து யாரு?"

மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருப்பதாக மேடம் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"அவன் யாரு, எனக்கு மாமன் மகனா? அவனுக்கு எதுக்கு நாம வேல வாங்கிக் குடுக்கணும்?" என்றாள். சிரித்தாள். "போ, போய்ச் சேரு. எஸ். கோமதிக்கு வேல கெடச்சிட்டுன்னு நான் எங்க ஊரெல்லாம் சொல்லியாச்சு. பொய்யா அது?"

நானும் சிரித்தேன். அவள் சிரித்து முடித்த பிறகும் நான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்ததுபோல் இருந்தது.

"ஒரு கோவமும் இல்லியா?" என்று கேட்டேன்.

பஸ் திரும்பி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இருக்கு. யாரு மேலன்னுதான் தெரியல" என்றாள்.

எனக்கும் அதே நிலைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பரீட்சை நான் எழுதியது. நேர்காணலில் நடுங்காமல் பேசியது வகுப்பால். அந்த ஒரு கேள்வி அவளால். அது இல்லாவிட்டால் எனக்கு என்ன மதிப்பெண் போட்டிருப்பார்கள்? அந்தப் பேனாக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது எங்கள் தெருவில், வேலை தேடும் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னை வழிமறிக்கிறார்கள். "கோமதி, அந்த உரக்கடை வகுப்புல சேத்தா சோலி கெடைக்குமா?" என்று கேட்கிறார்கள். சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டை விட்டு வெளியே வரவைத்தது அது. இப்படி ஓர் இடம் காலி என்ற செய்தி அங்கேதான் வந்தது. ஆனால் அவளும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் இருந்தாள். அம்மாக்கள் அதைக் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

ஜெபா மேடம் வகுப்பை நிறுத்தவில்லை. ரெஸ்யூமேயில் அவரவர் ஊரைப் போடச் சொல்கிறாராம். கம்பெனிக்காரர்களுக்கு ஊர் தெரியாவிட்டால் கேட்கட்டும் என்கிறாராம்.

நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். திங்கள் முதல் சனி வரை திரையைப் பார்க்கிறேன், நின்றதைச் சொல்கிறேன். கரிவலம் கோமதிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். நாங்கள் பேசிக்கொள்கிறோம், முன்னைவிடக் குறைவாக.